மூன்று பத்திகளும் ஒரு பழியும்

ஓர் ஊரைப் பற்றி அறிய விரும்புவோர் இக்காலத்தில் அவ்வூருக்குச் செல்வதில்லை; அதன் குடிமதிப்புக் கணக்கை எடுத்துப் பார்க்கின்றனர். மக்கள் எத்தனை பேர், ஆளுக்கு வருமானம் எவ்வளவு, எந்தெந்த இனத்தார் நூற்றுக்கு எத்தனை பேர் என மூன்று பத்திகள் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை அவற்றின் எண்கள் மாறுகின்றன. மாறிய எண்களைக் கண்டவுடனே, மூன்றாம் பத்தியே முதலிரண்டுக்கும் காரணம் என்று தீர்ப்புரைக்கும் ஒரு கூட்டத்தார் எந்நாட்டிலும் இருக்கின்றனர். "வேற்றினத்தார் பெருகினர், ஆகவே ஊர் ஏழையாயிற்று" என்பது அவர்தம் வாய்பாடு. அந்த வாய்பாடு பொய் என்று நாம் கூறுகின்றோம். கூறுவதற்குச் சான்றாக நம் ஊர் ஒன்றை எடுத்தால், தம் மக்களுக்குப் பரிந்து பேசுகின்றனர் என்பார்கள். ஆதலால் நமக்கு உறவும் பகையும் இல்லாத, அமெரிக்க நாட்டின் நடுவிலுள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்கின்றோம்.

நெப்ராஸ்கா மாநிலத்தில், பிளாட் ஆற்றின் பக்கத்தில், மக்காச்சோளக் கொல்லைகளுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் இடையே லெக்சிங்டன் என்னும் ஊர் உள்ளது. டாசன் மாவட்டத்தின் தலைமையூர். 1990ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 6,601 பேர். 2000இல் 10,011. 2010இல் 10,230. 2020இல் 10,348. பத்தே ஆண்டுகளில் ஊர் ஒன்றரை மடங்காயிற்று. அதன் பின்னர் இருபது ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே நின்றது. இனத்தைக் காட்டும் பத்தி இதைவிட வியப்பானது. 1990இல் நூற்றுக்கு 5 பேர்தாம் ஸ்பானிய வழியினர். அதாவது மெக்சிகோ, குவாத்தமாலா முதலிய நாடுகளைச் சார்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும். 2000இல் அவர்கள் நூற்றுக்கு 51 பேர். 2010இல் 60 பேர். அவர்களுக்குப் பின்னர் சோமாலிய முஸ்லிம்களும் அவ்வூரில் வந்து குடியேறினர். ஆள்வீத வருமானமோ நாட்டின் சராசரிக்கு வெகு கீழேயே நின்றது.

மேற்சொன்ன கூட்டத்தாரிடம் இந்த ஏட்டைக் கொடுத்துவிட்டால் போதும். வெள்ளையர் குறைந்தனர், வெளியார் நிறைந்தனர், செல்வம் உயரவில்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் படித்துமுடித்து ஏட்டை மூடிவிடுவர். நாம் அவர்களை வேண்டுவதெல்லாம் ஏட்டை மூடுமுன் அதன் முந்தைய பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதே.

1980இல் அவ்வூரில் ஏறத்தாழ 7,000 பேர் இருந்தனர். அப்போது அது ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் ஊர். கதிரறுக்கும் பெரிய இயந்திரங்களைச் செய்யும் ஸ்பெரி நியூ ஹாலண்டு ஆலைதான் அவ்வூரார் பலருக்கு ரிஸ்க் தந்த இடம். 1980களில் அமெரிக்க உழவர்களைப் பெருந்துன்பம் ஒன்று பற்றியது. வட்டி ஏறிற்று, நிலத்தின் விலை சரிந்தது, கடன்பட்ட உழவர்கள் நிலத்தை இழந்தனர். நிலமிழந்தவன் கதிரறுக்கும் இயந்திரம் வாங்குவானா? 1986இல் ஆலை மூடப்பட்டது. வேலை போயிற்று, வேலையின் பின்னே இளைஞர்கள் போயினர், விற்பனைக்கு என்று பலகை மாட்டிய வீடுகள் தெருத்தெருவாக நின்றன. இத்தனையும் நடந்தபோது அவ்வூரில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட ஸ்பானிய வழியினர் இல்லை. சோமாலியர் ஒருவர் பெயரையும் அவ்வூரார் கேட்டிருக்க மாட்டார்கள். ஊரைத் தளர்த்திய குற்றத்தைப் பின்னால் வந்தவர் தலையில் கட்டுவோர், குற்றம் நடந்த நாளில் அவர் அவ்விடத்திலேயே இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர். எந்தக் காஜியின் முன்னிலையில் இந்த வழக்கு நிற்கும்?

அடுத்த பக்கம். 1987இல் நெப்ராஸ்கா சட்டமன்றம், முதலிட்டுத் தொழில் தொடங்குவோர்க்குப் பெரும் வரிச்சலுகை தரும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அச்சலுகையின் நிழலில், மூடிக்கிடந்த ஆலையை ஐ.பி.பி. என்னும் மாட்டிறைச்சி நிறுவனம் கைக்கொண்டு, 1990இல் அறுப்பாலையாகத் திறந்தது. அதற்கு வேண்டியிருந்த ஆட்கள் ஈராயிரத்துக்கும் மேல். இளைஞரை இழந்த சிற்றூரில் ஈராயிரம் பேருக்கு எங்கே போவது? நிறுவனம் தானே ஆளனுப்பித் தெற்கு எல்லையிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் ஆட்களைத் திரட்டிற்று. வந்தவர்கள் படையெடுத்து வந்தவர்கள் அல்லர், அழைக்கப்பட்டு வந்தவர்கள். அழைத்தவனை விட்டுவிட்டு விருந்தாளியை வைவது எந்த ஊர் வழக்கம் என்று நமக்கு விளங்கவில்லை.

இனிக் கூலிக்கு வருவோம். "வெளியார் வந்து கூலியைக் கெடுத்தனர்" என்பது இவர்களின் வலுவான வாதம். வலுவான வாதத்துக்கு விரிவான விடைதான் மரியாதை.

முற்காலத்தில் அமெரிக்காவின் மாட்டிறைச்சித் தொழில் சிக்காகோ போன்ற பெருநகரங்களில் இருந்தது. அங்குத் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக இருந்தன. ஒரு மாட்டை முழுவதுமாகக் கூறுபோடத் தெரிந்த கைத்தேர்ச்சி உடையவனுக்கு நல்ல கூலி கிடைத்தது. 1961இல் ஐ.பி.பி. நிறுவனம் அயோவா மாநிலத்தின் டெனிசன் என்னும் சிற்றூரில் தன் முதல் ஆலையைத் திறந்தது. நகரத்தை விட்டு, சங்கத்தை விட்டு, மாடு வளரும் நாட்டுப்புறத்துக்கே ஆலையைக் கொண்டு செல்வது அதன் சூழ்ச்சி. வேலையையும் அது துண்டு துண்டாக நறுக்கிற்று. ஒருவன் நாள் முழுவதும் ஒரே வெட்டை வெட்டுவான். அடுத்தவன் அடுத்த வெட்டு. இதற்குக் கைத்தேர்ச்சி எதற்கு? தேர்ச்சி தேவையில்லை என்றால் தேர்ச்சிக்குரிய கூலி எதற்கு? 1967 முதல் இறைச்சியை எலும்பு நீக்கிப் பெட்டிகளில் அடைத்து அனுப்பத் தொடங்கியதும், நகரத்துக் கடைகளின் கசாப்புக்காரர் வேலையும் ஆலைக்குள்ளேயே போயிற்று. 1971இல் சிக்காகோவின் புகழ்பெற்ற மாட்டுச் சந்தை வளாகம் மூடப்பட்டது. போட்டிக்கு நின்ற பிற நிறுவனங்கள் இதே வழியில் செல்லத் தலைப்பட்டன.

விளைவைப் பாருங்கள். மினசோட்டா மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஹார்மல் நிறுவனம் 1984இல் மணிக்கு 10.69 டாலர் கூலியை 8.25 டாலராகக் குறைத்தது. 1985 ஆகஸ்டில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1986 ஜனவரியில் மாநில ஆளுநர் துருப்புகளை அனுப்பினார். வேலைநிறுத்தம் தோற்றது. இந்நிகழ்ச்சியில் கூலியைக் குறைத்தவர் வெள்ளையர், குறைக்கப்பட்டவருள் மிகப் பெரும்பாலோரும் வெள்ளையர், துருப்பனுப்பியவரும் வெள்ளையர். மெக்சிகோக்காரர் எங்கே? சோமாலியர் எங்கே? ஒரு காலத்தில் நாட்டின் தொழிற்சாலைக் கூலிச் சராசரிக்கு மேலே நின்ற இறைச்சித் தொழிலாளியின் கூலி, 1983இல் முதன்முறையாக அச்சராசரிக்குக் கீழே இறங்கியது. 2002இல் அது நூற்றுக்கு 24 பங்கு கீழே கிடந்தது. லெக்சிங்டனில் அறுப்பாலை திறந்தது 1990இல். கூலி முதலில் விழுந்தது. விழுந்த கூலிக்கு உள்ளூரார் வர மறுத்தபோது வெளியூரார் அழைக்கப்பட்டனர். முன்னது எது, பின்னது எது என்று அறியாதவன் காரணம் எது, காரியம் எது என்று எங்ஙனம் அறிவான்? மந்திக் நூலின் முதற்பாடம் படிக்கும் மதரஸா மாணவனும் இப்பிழையைச் செய்ய மாட்டான்.

பின்னர் வந்தோர் கூட்டம் பெருகியதால், விழுந்த கூலி எழாமல் கிடக்க அதுவும் ஒரு துணையாயிற்று அன்றோ எனில், ஓரளவு ஆயிற்று என்போம். உண்மையை மறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அத்துணையைத் தேடிக்கொண்டவன் யார்? வருவோரில் பலருக்கு மொழி தெரியாது, சிலருக்கு நாட்டில் தங்கும் சீட்டு உறுதியில்லை, ஆகவே வாய் திறவார் என்று கணக்கிட்டு ஆளெடுத்தவன் யார்? கூலியைக் கேட்க அஞ்சும் நிலையில் ஒருவனை வைத்துவிட்டு, அவன் கேட்கவில்லை என்பதையே அவன் குற்றமாக்குவது இரட்டை அநீதி.

வருமானப் பத்தியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள்வீத வருமானம் என்பது ஊரின் மொத்த வருமானத்தை ஊரிலுள்ள தலைகளால் வகுப்பது. தலை என்றால் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் ஒரு தலைதான். ஓர் எடுத்துக்காட்டாக இரு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் முதிய கணவனும் மனைவியும். ஓய்வூதியம் ஆண்டுக்கு 40,000 டாலர். தலைக்கு 20,000. பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் ஆலையில் உழைத்து 60,000 டாலர் ஈட்டுகின்றனர், பிள்ளைகள் நால்வர். தலைக்கு 10,000. உழைத்து மிகுதியாக ஈட்டும் வீடு ஏழை வீடு என்றும், உழைப்பு ஓய்ந்த வீடு செல்வ வீடு என்றும் இப்பத்தி சொல்கின்றது. குழந்தை பிறந்தால் ஊர் வறுமை அடைகிறது. இளம் பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடினால் ஊர் வளம் பெறுகிறது! இவ்வளவு குறும்பான பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இனத்தாரின் தகுதியை அளக்கப் புறப்படுவோரின் துணிச்சலை என்னென்பது?

மக்கட்பெருக்கமே ஊரின் செல்வம் என்பதை ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் விரித்துரைத்துள்ளார். பலர் கூடி உழைக்கும்போது அவர்தம் தேவைக்கு மேற்பட்ட பொருள் விளைகிறது, அந்த மிகுதியிலிருந்தே கைத்தொழிலும் கல்வியும் நகர வாழ்வும் எழுகின்றன, மக்கள் குறைந்த ஊர் பொருளிலும் குறைகிறது என்பது 1377இல் எழுதிய முகத்திமாவில் அவர் நிறுவும் கருத்து. நெப்ராஸ்காவில் 93 மாவட்டங்கள் உள்ளன. 2010க்கும் 2020க்கும் இடையே அவற்றுட் பெரும்பாலானவற்றில் மக்கள் தொகை குறைந்தது. வெளியார் எவரும் வராத ஊர்கள் அங்குப் பல உண்டு. அவை செல்வத்தில் திளைக்கின்றனவா? இல்லை. பள்ளிக்கூடங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. கடைவீதி இருண்டு கிடக்கிறது. மருத்துவருக்காகப் பல கல் தொலைவு செல்ல வேண்டியிருக்கின்றது. லெக்சிங்டனிலோ பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளால் நிரம்பின. இனத்தூய்மை ஊருக்குச் சோறு போடும் என்போர் அந்த இருண்ட கடைவீதிகளுக்கு ஒருமுறை சென்று வரலாம்.

இனப் பத்தி என்பது தான் என்ன? அது கல்லில் வெட்டிய கணக்கா? அமெரிக்கர் 1790இல் முதற்கணக்கு எடுத்தபோது வெள்ளையர், சுதந்திரமான பிறர், அடிமைகள் என்று பிரித்தனர். 1930இல் மெக்சிகோக்காரரைத் தனி இனம் என்று எழுதினர். 1940இல் அப்பெயரை எடுத்துவிட்டனர். இன்னும் கேளுங்கள்: 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்குகளிலும் 'ஹிந்து' என்பது ஓர் இனத்தின் பெயர். நம் நாட்டிலிருந்து அங்குச் சென்ற சீக்கியரும், வங்காளத்து முஸ்லிம் மாலுமிகளும், அல்லாஹ்வுக்கு ஐவேளை தொழுதுகொண்டே, அமெரிக்க அரசின் ஏட்டில் ஹிந்து இனத்தாராக நின்றனர்! அதே இந்தியர் 1970இல் வெள்ளையருள் சேர்க்கப்பட்டனர். 1980இல் ஆசிய இந்தியர் என்று வேறாக்கப்பட்டனர். அரபியர் நெடுங்காலம் வெள்ளையர் பத்தியில் இருந்தனர். 2024 மார்ச்சில்தான் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கர் என்று அவர்களுக்குத் தனிக் கட்டம் அமைக்கும் ஆணை பிறந்தது. ஸ்பானிய வழியினரோ 2020 வரை இனமாகவே கருதப்படவில்லை. ஒரே ஆள் ஒரு கேள்விக்கு வெள்ளையர் என்றும் மற்றொரு கேள்விக்கு ஸ்பானிய வழியினர் என்றும் விடையளிக்கலாம். எழுதுபவன் கட்டத்தை மாற்றினால் இனம் மாறும். நம் முன்னோரும் இதை அறிவர். ஆங்கிலேயர் எடுத்த மதராஸ் மாகாணக் கணக்குகளில் எத்தனை குடும்பங்கள் லப்பை என்னும் ஒரே சொல்லுக்குள் அள்ளிப் போடப்பட்டன!

சோமாலியர் செய்தி நம் வாசகர் பலருக்கும் மனத்தைத் தொடுவது. 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்தபின் உள்நாட்டுப் போரால் சிதறிய மக்கள் அவர்கள். மாட்டையும் ஒட்டகத்தையும் மேய்த்த பரம்பரையினர், அமெரிக்காவின் குளிர்ந்த அறுப்பாலைகளில் கத்தி பிடித்தனர். லெக்சிங்டனின் கடைவீதியில் ஒரு கட்டடத்தைத் தொழுமிடமாக்கினர். 2016இல், கார் நிறுத்த அங்கு இடம் போதாது என்று நகர நிர்வாகம் தடை சொன்னது. கடைவீதியைக் காலியாகக் கிடக்க விட்ட காலத்தில் கார்களுக்கு இடம் தாராளமாகவே இருந்திருக்கும். அதே ஆற்றின் வழியில் கிழக்கே உள்ள கிராண்டு ஐலண்டு நகரத்து ஆலையில் 2008 ரமலானில், நோன்பு திறக்கவும் மக்ரிப் தொழவும் சற்றுநேரம் கேட்டு அவர்கள் வேலையை விட்டு வெளிநடந்தனர். நிர்வாகம் வேளையை மாற்றித் தர இசைந்தது. உடனே, தங்களுக்கு ஓரவஞ்சனை என்று பிற தொழிலாளர்கள், முன்னர் வந்த ஸ்பானிய வழியினர் உட்பட, எதிர்த்து வெளிநடந்தனர். இசைவு திரும்பப் பெறப்பட்டது. சோமாலியர் பலர் வேலை இழந்தனர். நேற்று வந்தவனை இன்று வந்தவன்மீது ஏவிவிட்டால் இருவரும் கூலியைப் பற்றிப் பேச மறந்துவிடுவர். இதனால் ஆதாயம் யாருக்கு என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழைய குடியினர்க்கு வருத்தமே இருக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆலை திறந்த முதலாண்டுகளில் வீடுகள் கிடைக்கவில்லை, வாடகை ஏறிற்று, வகுப்பறைகள் பிதுங்கின. தாம் பிறந்த ஊரில், பழகிய கடையில், தமக்கு விளங்காத மொழி ஒலிப்பதைக் கேட்கும் முதியவரின் மனம் சுருங்குவது இயற்கை. அவர் குறையை ஏளனம் செய்வோர் நம் கட்சியினர் அல்லர். ஆனால் ஈராயிரம் பேரை இறக்குமதி செய்தவன் அவர்களுக்கு வீடு கட்டினானா, பள்ளிக்கு அறை கட்டினானா என்று அம்முதியவர் கேட்க வேண்டிய கேள்வியை, பக்கத்து வீட்டு ஏழையிடம் கேட்கும்படி திருப்பிவிட்டவர்களையே நாம் குறை கூறுகின்றோம்.

2001இல் ஐ.பி.பி. நிறுவனத்தை டைசன் நிறுவனம் வாங்கியது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது நாடெங்கும் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டனர். அறுப்பாலைத் தொழிலாளரோ தோளோடு தோள் நின்று வெட்டினர். டாசன் மாவட்டம் அம்மாநிலத்தில் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. ஏப்ரல் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப், இறைச்சி ஆலைகள் நாட்டுக்கு இன்றியமையாதவை. மூடக்கூடாது என்று ஆணையிட்டார். அன்று அவர்கள் இன்றியமையாதவர்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம். 1951க்குப் பின் அத்தனை குறைந்ததில்லை. மழையின்மையால் மேய்ச்சல் வறண்டு, பண்ணையார்கள் பசுக்களையும் விற்றுவிட்டதன் பலன் அது. மாட்டு விலை ஏறியது; ஆலைகளுக்கு நட்டம். 2025 நவம்பரில் டைசன் நிறுவனம், லெக்சிங்டன் ஆலையை 2026 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 மாடுகளை அறுத்த ஆலை. ஏறத்தாழ 3,200 பேருக்கு வேலை தந்த ஆலை. பத்தாயிரம் சொச்சம் மக்கள் வாழும் ஊரில் 3,200 வேலைகள் என்றால், குழந்தைகளையும் முதியோரையும் கழித்துவிட்டு எஞ்சுவோரில் எத்தனை பேர் என்று வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். முப்பத்தைந்து ஆண்டுகளில் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் உண்டு. முதலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வூர்ப் பள்ளியில் படிக்கின்றனர். அவர்களுக்கு அதுவே பிறந்த ஊர். 1986இல் வெள்ளையர்க்கு நேர்ந்தது, 2025இல் ஸ்பானிய வழியினர்க்கும் சோமாலியர்க்கும் எஞ்சிய வெள்ளையர்க்கும் சேர்ந்தே நேர்ந்தது. நேரச் செய்தவை நிறுவனங்களின் வரவு செலவேடுகள். அந்த ஏட்டில் இனப் பத்தி கிடையாது.

நம் நாட்டில் நம் சமுதாயத்தின் பத்தியும் இவ்வாறே படிக்கப்படுகின்றது என்பதை நாம் சொல்லித்தான் வாசகர் அறிய வேண்டும் என்பதில்லை. ஒரு முஸ்லிம் தாய்க்குச் சராசரி 4.4 பிள்ளைகள் என்று 1992-93இன் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறிற்று. 2019-21இன் ஆய்வு 2.4 என்று கூறுகின்றது. முதல் எண்ணை மேடைதோறும் முழங்கியோர், இரண்டாம் எண் வந்தபின் அதை எந்த மேடையில் படித்தனர்?

அமெரிக்கர் 2030 ஏப்ரலில் மீண்டும் தலைகளை எண்ணுவர். லெக்சிங்டனில் தலைகள் குறைந்திருக்கக்கூடும், வருமானம் இறங்கியிருக்கக்கூடும். வேலை தேடிச் செல்ல இயன்றோர் போய்விட, இயலாதோர் தங்கியிருப்பர். தங்கியோரில் பெரும்பாலோர் ஸ்பானிய வழியினராகவே இருப்பர். மூன்று பத்திகளையும் சேர்த்துவைத்துப் படிக்கும் கூட்டத்தார் அன்றும் வருவர். வாய்பாடும் தயாராகவே இருக்கும். அவர்களிடம் நாம் கேட்கவிருப்பது இது: 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊரார் விட்டுக்கொடுத்த வரிகளுக்கு ஈடாக, ஆலையைப் பூட்டிச் சென்றவர்கள் அவ்வூரில் விட்டுச் சென்றது என்ன? அதற்கு எந்தப் பத்தியில் விடை எழுதியிருக்கிறது என்று காட்டட்டும்.